ஸாலிம் தோரா வாசித்த நாள்

யேமன் நாட்டு மலையூர் ஒன்றில் ஸாலிம் என்ற யூதர் இருந்தார். தோல் பதனிடுவது தொழில். ஐம்பத்திரண்டு வயதில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்து உட்கார்ந்தார். சொல்லிக்கொடுத்த ஊர் மதகுரு, ரப்பி யஹ்யாவுக்கு வயது முப்பது.

ஜெப ஆலயத்தில், யூதர்களின் வேதமான தோராச் சுருளின் முன் அழைக்கப்படுகிறவர் தன் பகுதியைத் தானே வாசிக்க வேண்டும். ஊர் வழக்கம் அது. பெயர் கூப்பிடும் நேரம் வந்தால் ஸாலிம் நைசாக வெளியே போய்விடுவார். முப்பது வருஷமாக அப்படித்தான்.

ஒரு மழைக்காலத்தில் காட்டாறு ஊருக்குள் புகுந்து, இருந்த ஒரே சுருளையும் அடித்துக்கொண்டு போனது. யாரும் கேட்காமலே ஸாலிம் நாற்பது ஆட்டுத்தோல்களைப் பதனிட்டு ரப்பியிடம் கொண்டுவந்து வைத்தார். பக்கத்து ஊர்ச் சுருளைப் பார்த்து, ஒன்றரை வருஷம் உட்கார்ந்து, ரப்பி அந்தத் தோல்களில் புதுச் சுருளை எழுதி முடித்தார். ஸாலிம் படிக்கத் தொடங்கியதும் அந்த நாட்களில்தான்.

புதுச் சுருளை முதன்முதலாகத் திறக்கும் ஓய்வுநாளுக்கு முந்தின நாள் காலை, ஸாலிம் ரப்பியிடம் வந்தார்.

"ரப்பி, தோரா எப்போது கொடுக்கப்பட்டது?"

"நீங்கள் என்ன படித்தீர்கள்?"

"சீனாய் மலையில், மோசேயிடம். ஜனங்கள் எல்லோரும் அடிவாரத்தில் நின்றார்கள்."

"சரிதானே."

"அதுதான் உறுத்துகிறது. கொடுத்து எத்தனையோ தலைமுறை ஆயிற்று. வாங்கியவர்கள் வாங்கிக்கொண்டார்கள். தலை நரைத்த பிறகு வருகிறேன் நான். எனக்கென்று என்ன மிச்சம் இருக்கும்?"

ரப்பி "நாளைக்கு வாருங்கள்" என்றார்.

மறுநாள் மூன்றாவதாகக் கூப்பிட்ட பெயர் ஸாலிமுடையது.

அவர் கால்கள் வாசல் பக்கம்தான் திரும்பின. இரண்டடி வைத்தவர் நின்றார். பிறகு மெல்ல நடந்து சுருளின் முன் போனார்.

துதியைச் சொன்னார். வாசிக்கத் தொடங்கினார். மூன்றே வசனங்கள். இரண்டாவதில் நாக்கு தடுக்கியது. ரப்பி காதருகே அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தார். ஸாலிம் வாசித்து முடித்தார். சபை முழுக்க ஆமென் என்றது. அவருக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு ரப்பியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன், ரப்பி? மனசு நிறைந்துபோயிற்று. இனி அந்தக் கேள்விக்குப் பதில்கூட வேண்டாம்."

ரப்பி சிரித்தார். "வாசிக்கும் முன் ஒரு துதி சொன்னீர்களே. அது எப்படி முடியும்?"

"'தோராவைத் தருகிற ஆண்டவரே, உமக்குத் துதி.'"

"'தந்த' என்றா சொன்னீர்கள்?"

ஸாலிம் உதட்டுக்குள் மறுபடி சொல்லிப் பார்த்தார்.

"இல்லை, ரப்பி. 'தருகிற'."

"அப்படியானால் சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்."