ஆமென் வராத ஜெபம்

நம்பாட்டா போ. சபை செக்ரட்டரி, அவ்வளவு பெரிய மனுசன், ஜெபத்துக்கு நடுவுல கண்ணத் தொறந்து பாப்பாரான்னா கேக்க? பாத்தாரு. முழங்கால்ல நின்னுக்கிட்டே பாத்தாரு. நீயும் நானும் பாக்காததா?

செக்ரட்டரி ஞானாபரணம்னா எங்க ஊர்ல ஜெபத்துக்குப் பேர்போன ஆளு. கல்யாண வீட்டுல அவரு ஆரம்பிச்சா சோறு ஆறிரும். எங்க சித்தப்பா மக கல்யாணத்துல ஒருக்க இப்படித்தான், இவரு ஆபிரகாமுல தொடங்கி ஈசாக்குக்கு வாரதுக்குள்ள பந்தியில ஒரு பிள்ள அப்பளத்தக் கடிச்சிட்டு. அந்தச் சத்தம்... சரி, அது கெடக்கட்டும்.

அவரு ஒரு நாள் காலையில பாஸ்டரம்மா வீட்டுக்கு வாராரு. பாஸ்டரம்மான்னா பாஸ்டர் பொண்டாட்டி இல்ல, அவங்கதான் எங்க பாஸ்டரு; பேரு சுகிர்தா. அவரு மக வயசுதான் இருக்கும். எங்க சபைக்கு வந்து வருசம் திரும்பல. வாசல்ல உக்காந்து மீன் ஒரசிக்கிட்டு இருக்காங்க.

"அம்மா, அவனுக்கு எப்படித்தான் புரிய வைக்க?"

அவன்னா தங்கப்பழம். ஞானாபரணத்தோட தங்கச்சி மேபல் இருக்காள்லா, அவ புருசன்.

எங்க கோயில்ல எல்லாரும் பாய் விரிச்சுத் தரையிலதான் உக்காருறது. பெஞ்சு போடணும்ங்காரு ஞானாபரணம். வயசானவங்களுக்கு முட்டு மடங்கலன்னு சொல்லுதாரு. அது நெசந்தான். கூடவே கூடாதுங்காரு தங்கப்பழம். பெஞ்சு உள்ள வந்தா நாங்க வெளிய போறோம், ஓலக் கொட்டாய் போட்டுத் தனியா ஆராதன வச்சிக்கிடுதோம்னு சொல்லிட்டாரு. கிட்டத்தட்ட பாதி சபை அவரு பக்கம்.

"ஓட்டு எடுத்தா நாங்க ஜெயிச்சிருவோம்மா. ஆனா அதுக்கப்புறம் என் தங்கச்சி எந்தக் கோயிலுக்குப் போவா? எங்கூட ஒரே பாட்டு புஸ்தகத்தப் பாத்துப் பாடி வளந்த பிள்ள."

"தங்கப்பழத்துட்ட என்ன சொன்னீங்க?"

"எல்லாம் சொல்லியாச்சு. ஜெபத்துலயும் சொல்லியாச்சு."

பாஸ்டரம்மா மீன வச்சிட்டு நிமுந்து பாத்தாங்க.

"ஜெபத்துலயா?"

இவருக்கு மொகம் ஒரு மாதிரி ஆயிட்டு.

அது எங்க கமிட்டில ஒரு பழக்கம். நேரா சொன்னா சண்டையாயிரும்லா? அதனால கண்ண மூடிக்கிட்டு ஆண்டவர்ட்ட சொல்லுத மாதிரி சொல்லிருவாங்க. 'கர்த்தாவே, எங்கள்ல சிலரோட கல்லான இருதயத்த ஒடையும்.' அந்தச் சிலரு யாருன்னு ஊருக்கே தெரியும். இந்தப் பக்கம் ஓங்கி ஒரு ஆமென் விழும். அந்தப் பக்கம் கம்முனு இருக்கும். அடுத்து அவங்க ஆளு, 'பெருமையுள்ளவனத் தாழ்த்தும் தகப்பனே'ம்பான். அங்க ஆமென், இங்க மூச்சு விடாது.

பாஸ்டரம்மா சொன்னாங்க, "அடுத்த கமிட்டிக்கு நீங்களே ஆரம்ப ஜெபம் பண்ணுங்கய்யா. ஆமென் மட்டும் தங்கப்பழம் சொல்லட்டும். அவங்க சொன்னப்புறம்தான் எல்லாரும் எந்திரிக்கணும்."

"அவ்வளவுதானா?"

"கொழம்பு கொதிக்கு. போயிட்டு வாங்க."

இதக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்னு முணுமுணுத்துக்கிட்டே போனாரு.

கமிட்டி கூடுச்சு. தங்கப்பழம் ஆமென் சொன்னப்புறம்தான் எந்திரிக்கணும்னு பாஸ்டரம்மா முன்னாலயே எல்லார்ட்டயும் சொல்லிட்டாங்க. எல்லாரும் முழங்கால் போட்டாச்சு. சிமிண்டுத் தர.

"ஆண்டவரே, வயசானவங்க வேதனைய உணராதவங்களுக்கு நல்ல உணர்வத் தாரும்..."

முடிச்சாரு. தங்கப்பழம் வாயத் தொறக்கல.

ஞானாபரணம் தொண்டையச் செருமிட்டு மறுபடி ஆரம்பிச்சாரு. ஒருமனப்பாடு, சமாதானம், மழை, மிசனரிமாரு, ஆசுபத்திரில கெடக்கவங்க, நாட்ட ஆளுறவங்க. அவருக்குத் தெரிஞ்சவங்க எல்லாரும் வந்து போயிட்டாங்க.

ஆமென் வரல.

பின்னால யாரோ, "யோவ், சீக்கிரம் சொல்லித் தொலயும், கால் மரத்துட்டு"ன்னான்.

அப்பதான் ஞானாபரணம் ஒரு கண்ணத் தொறந்தாரு. தங்கப்பழம் ரெண்டு கண்ணையும் தொறந்து இவரத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு.

"மாப்பிள, நீ எதுக்குத்தான் ஆமென் சொல்லுவ?"

"நீரு இப்ப யார்ட்ட பேசுதீரு? ஆண்டவர்ட்டயா, என்ட்டயா?"

"ஒன்ட்டதான்."

"அப்பக் கேளும். பழைய கோயில்ல முன்னால ஒரு பெஞ்சு கெடந்துச்சுல்லா? முதுகுல உங்க வீட்டு உபயம்னு எழுதியிருக்கும். சின்னப் பயலா இருக்கப்ப தெரியாம ஏறி உக்காந்துட்டேன். உங்கய்யா காதப் புடிச்சித் தூக்கித் தரையில விட்டாரு. பாட்டு நடந்துக்கிட்டு இருந்துச்சு. யாரும் நிப்பாட்டல, மச்சான். பாடிக்கிட்டே பாத்தாங்க. எங்கம்மையும் பாடிக்கிட்டுதான் இருந்தா."

ஞானாபரணம்தான் மெதுவாக் கேட்டாரு.

"மேபலுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல. அவ அப்பன்னா அவளுக்கு உசுரு."

ஞானாபரணத்துக்கும் அப்பன்னா உசுருதான். காதப் புடிச்ச அந்தக் கைதானே அவருக்குச் சிலேட்டு புடிச்சு எழுத வச்சிச்சு? கோவப்படணுமா, மன்னிப்புக் கேக்கணுமான்னு தெரியல. பெஞ்சு வேண்டாம்னு சொல்லிரலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஒடனே, கால நீட்டவும் முடியாம மடக்கவும் முடியாம உக்காந்திருக்க கெழவிக மொகம் வந்துச்சு. வேணும்னாலும் தப்பாத் தெரியுது, வேண்டாம்னாலும் தப்பாத் தெரியுது.

"பாஸ்டரம்மா, நீங்க ஏதாச்சும் சொல்லுங்க."

"ஜெபம் இன்னும் முடியலய்யா."

கண்ண மூடுனாரு. அத்தன வருசம் மடமடன்னு வந்த வார்த்த ஒண்ணு கூட வரல.

"ஆண்டவரே... எனக்கு ஒண்ணும் வெளங்கல."

"ஆமென்"னாரு தங்கப்பழம்.

பெறவு பெஞ்சா பாயான்னு என்ன ஏன் கேக்க? அந்த ரூமுல இருந்தவங்களுக்கே அன்னைக்குத் தெரியல. ஏட்டி ஷீபா, கத கேட்டது போதும், தூத்தல் விழுது பாரு, கொடியில கெடக்க துணிய உள்ள எடுத்துட்டு வா!