மருதவாயின் தலைக்கணக்கு

முன்னொரு காலத்தில், இன்று தேடினாலும் கிடைக்காத ஒரு நாட்டை மாறவேள் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் விருந்தாளி யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால், பதில் தெரியும்வரை தாமும் தூங்கமாட்டார், மற்றவர்களையும் தூங்கவிடமாட்டார்.

ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதர் பேச்சுவாக்கில், "தங்கள் நாட்டில் மருதவாய், செக்கடி, பாலைமேடு என்று மூன்று பெரிய ஊர்கள் இருக்கின்றனவாமே! அவற்றில் எது பெரியது? எவ்வளவு சனம் இருக்கும்?" என்று கேட்டுவிட்டார். அரசர் தாம்பூலத்தை மென்றபடி சமாளித்தார். தூதர் போனதும் பிரதானி வாகீசரை அழைத்து, "மூன்று ஊரையும் எண்ணி வாரும்" என்றார்.

வாகீசர் முரசறைந்துகொண்டு பரிவாரத்தோடு போனார். அதுதான் தப்பாகிவிட்டது. தலைக்கு வரி போடத்தான் எண்ணுகிறார்கள் என்று ஊரெங்கும் பேச்சு கிளம்பியது. ஏழு பிள்ளை பெற்றவள் இரண்டைக் காட்டினாள்; மற்ற ஐந்தும் நெல் குதிருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தன. வாகீசர் கொண்டுவந்த கணக்குப்படி மருதவாயில் வீடுகளைவிட மனிதர்கள் குறைவு.

அரசருக்குக் கோபம் வந்தது. "எது பெரிய ஊரோ அதற்குப் புது ஏரி வெட்டித் தருவோம் என்று சொல்லி மறுபடி எண்ணும்" என்றார். இப்போது மூன்று ஊர்களும் ஊதிப்போயின. ஓர் ஊரில் எண்ணி முடிந்ததும், சம்பந்தி வீட்டுக்கு உதவ வேண்டாமா என்று சனங்கள் வண்டி கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓடினார்கள். பெரிய மீசைக்கார எண்ணெய் வியாபாரி ஒருவன் மூன்று ஊரிலும் மூன்று பெயரில் எண்ணப்பட்டிருந்தான்.

சபையில் இது தெரியவந்தபோது வாய்விட்டுச் சிரித்தவர் ஒருவரே. அவர் அரசவை விகடகவி குழந்தைவேல். ஏற்கெனவே அவரைக் கண்டால் வாகீசருக்கு ஆகாது. சிரிப்பு வேறு சேர்ந்துகொண்டது.

"மன்னர் பெருமானே! சிரிக்கத் தெரிந்தவருக்கு எண்ணவும் தெரிந்திருக்கும். இவரையே அனுப்புங்கள். யாரிடமும் ஒரு கேள்வி கேட்கக் கூடாது. எந்த வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது. கணக்கில் ஒரு தலை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தவறினால் நாட்டை விட்டு வெளியேறட்டும்" என்றார் வாகீசர்.

அரசரும், "அப்படியே ஆகட்டும். பௌர்ணமிக்குள் கணக்கு வர வேண்டும்" என்றுவிட்டார்.

வீட்டில் குழந்தைவேலின் மனைவி செண்பகவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். "சபையில எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருக்கும்போது உங்களுக்கு மட்டும் என்ன சிரிப்பு? இந்த வயசுல எந்த ஊருல போய் ஒண்டுறது? சினை மாட்டை ஓட்டிக்கிட்டு எல்லை தாண்ட முடியுமா?"

குழந்தைவேலுக்கும் உள்ளுக்குள் பயம்தான். பிறந்த மண்ணை விட்டுப் போக அவருக்கு மனமில்லை. ஆனாலும், "மூட்டையைக் கட்டாதே. முதல்ல அரசர்கிட்ட அரிசி கேட்டுப் பார்க்கிறேன்" என்றார்.

மறுநாள் அவர் அரண்மனைக் களஞ்சியத்தைத் திறந்துவிடச் சொன்னபோது வாகீசர் நகைத்தார். "எண்ணச் சொன்னால் பொங்க அரிசி கேட்கிறார்!" அரசர் மட்டும் என்னதான் செய்கிறார் பார்ப்போம் என்று அனுமதி கொடுத்தார்.

மூன்று ஊர்களிலும் ஒரே செய்தி போயிற்று. வரும் வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் அரசர் வீட்டு விருந்து. தெருவில்தான் இலை. ஒரே பந்தி, மறுபந்தி கிடையாது.

யார் வராமல் இருப்பார்கள்? குதிருக்குள் இருந்த பிள்ளைகள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தன. நோயாளிகளைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். இரண்டு பிள்ளை காட்டியவள், "பிள்ளைங்களுக்கு மட்டும் ஏழு இலை போடுங்க சாமி" என்று கூசாமல் கேட்டாள். விருந்தென்றால் பால்குடிக் குழந்தைக்கும் தாய் பக்கத்தில் ஒரு சிறு இலை போடுவது அந்த நாட்டு வழக்கம். அதுவும் நடந்தது. மூன்று ஊரிலும் ஒரே நேரத்தில் சோறு விழுந்ததால், மீசைக்காரன் எவ்வளவு ஆசைப்பட்டும் ஓரிடத்தில்தான் உட்கார முடிந்தது. இலை எடுத்தவர்கள், ஓர் இலைக்கு ஒரு புளியங்கொட்டை வீதம் அந்தந்த ஊர்க் கோயில் வாசலில் இருந்த பெரிய சாடியில் போட்டார்கள்.

பௌர்ணமியன்று சபை கூடியது. குழந்தைவேல் வாய் திறக்கும் முன்பே வாகீசர் எழுந்தார்.

"பெருமானே! நேற்று மருதவாயில் ஒரு குழந்தை பிறந்தது. செக்கடியில் ஒரு கிழவர் காலமானார். இவர் வெள்ளிக்கிழமை எடுத்த கணக்கு இன்று எப்படிச் சரியாகும்? ஒரு தலை கூடக் கூடாது, குறையக் கூடாது என்பதல்லவா ஆணை?"

குழந்தைவேல் கைகூப்பினார்.

"பிரதானியார் சொல்வது முற்றிலும் உண்மை. அதனால்தான் அடியேன் கணக்கை இங்கே தூக்கி வரவில்லை. ஊரிலேயே சாடியில் விட்டுவந்தேன். பிள்ளை பிறந்தால் மருத்துவச்சி ஒரு கொட்டையைப் போடுகிறாள். யாராவது இறந்தால் சுடுகாட்டுக் காவலன் ஒன்றை எடுத்துவிடுகிறான். மணமாகிப் போகும் பெண், பிறந்த ஊர்ச் சாடியிலிருந்து ஒரு கொட்டையை முந்தானையில் முடிந்துபோய் புகுந்த ஊர்ச் சாடியில் சேர்க்கிறாள். இந்தக் கணத்திலும் ஒரு தலை கூடவில்லை, குறையவில்லை. எந்த ஊர் பெரியது என்றால், மருதவாய்க்கு மட்டும் ஒரு சாடி போதவில்லை, இரண்டு வைத்தோம்."

"எல்லாம் சரி, எத்தனை பேர்?" என்றார் அரசர்.

"சாடியில் இருக்கிறது பெருமானே. கணக்கில் வல்லவர் பிரதானியார். அவரே எண்ணிச் சொன்னால் அடியேன் மீது யாருக்கும் சந்தேகம் வராது."

அரசர் அப்படியே ஆணையிட்டார். வாகீசர் மருதவாய்க் கோயில் வாசலில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினார். பாதி எண்ணியிருப்பார், மருத்துவச்சி வந்தாள். "இரட்டைப் பிள்ளைங்க, கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று இரண்டு கொட்டைகளைப் போட்டாள். எந்தக் குவியலில் விழுந்தது என்று தெரியாமல் அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அடுத்து ஒரு கல்யாண ஊர்வலம் வந்தது.

இதைக் கேட்ட அரசர் கிரீடம் நழுவச் சிரித்தார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் குழந்தைவேலுக்குச் சூட்டி, "நீர் எங்கும் போக வேண்டாம். உமது தலையும் எம் கணக்கில்தான் இருக்க வேண்டும்" என்றார். மருதவாய்க்கு ஏரியும் வெட்டினார்கள். அது நிரம்பிய பிறகும் வாகீசர் எண்ணிக்கொண்டுதான் இருந்தாராம்.