கரி பூசிய துறை ஏடு

நொச்சியாற்றைக் கடக்க அந்த நாட்டில் ஏழு அரசாங்க ஓடங்கள் இருந்தன. ஓடங்களுக்கு ஒரு துறை, துறைக்கு ஒரு நாயகம். மழவராயர் என்று பெயர். ராணியின் கூடப்பிறந்த அண்ணன். அந்தப் பதவிக்கு அவருக்கிருந்த தகுதி அது ஒன்றுதான். ஆற்றில் கால் நனைத்தவரில்லை. ஓலையைக் கையால் தொட்டவருமில்லை. எழுத்தர் வாசிப்பார், இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சில நேரம் குறட்டையும் கேட்கும்.

ஓடத்தில் கயிறு அறுந்தாலும் சரி, ஆடு தவறி விழுந்தாலும் சரி, நடந்ததை அன்றைக்கே ஓலையில் எழுதித் துறை ஏட்டில் சேர்க்க வேண்டும் என்பது பழைய சட்டம். அந்த ஏட்டை யாருக்கும் காட்டக் கூடாது என்பது மழவராயர் போட்ட புதுச் சட்டம்.

ஒரு சந்தை நாளன்று ஐந்தாம் ஓடம் நட்டாற்றில் மூழ்கியது. நாற்பது பேர், பதினோரு ஆடு, ஒரு கல்யாண மாப்பிள்ளை. நல்லவேளை, கோடைத் தண்ணீர். எல்லோரும் தட்டுத்தடுமாறிப் பெண் வீட்டுக் கரையில் ஏறினார்கள். மாப்பிள்ளை மட்டும் புறப்பட்ட கரையிலேயே ஏறி, தெய்வம் வழி காட்டிவிட்டது என்று வீட்டுக்குப் போய்விட்டார்.

ஓடக்காரன் காத்தான் தூங்கிவிட்டான் என்று மழவராயர் சொன்னார். உடனே காத்தானுக்குச் சிறை. வெள்ளிக்கிழமை தீர்ப்பு, குடும்பத்தோடு நாடு கடத்தல் என்று ஊரே பேசிக்கொண்டது.

புதன்கிழமை அவன் மனைவி வெள்ளச்சி சபைக்கு வந்து நின்றாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"சாமி, ஓடத்துல ஓட்டை இருக்குன்னு எம் புருசன் மூணு தடவை போய்ச் சொன்னாரு. மூணு தடவையும் எழுத்தர் அய்யா ஓலையில எழுதினாரு. அதை எடுத்துப் படிச்சாப் போதும்."

எல்லோரும் துறை எழுத்தரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். வாயைத் திறந்தால் அவருக்கும் நாடு கடத்தல்தான்.

மழவராயர் எழுந்து முறையை விளக்கினார். ஓலை வேண்டுமென்றால் ஓலையின் எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டுமாம். எண் எங்கே இருக்கிறது என்று ராசா கேட்டார். ஓலையில் இருக்கிறது என்றார் மழவராயர். சரி, எண்ணே தெரிந்தாலும் காட்ட முடியாதாம். எந்த ஓடம் எங்கே கவிழும் என்று எதிரிக்குத் தெரிந்துவிட்டால் என்ன ஆவது?

"தெரிந்தால் ஏற மாட்டான்," என்றார் அரசவை விகடர் உலகாண்டி. "நம் ஜனங்களுக்கும் அதே ஆசைதான் மகாராசா."

ராசா சங்கடத்தில் நெளிந்தார். ஏட்டைத் திறந்தால் ராணி பேச மாட்டாள். திறக்காவிட்டால் ஒரு குடும்பம் தெருவுக்கு வரும். உலகாண்டியை நிமிர்ந்து பார்த்தார். அந்த மனுஷரோ திடீரென்று கட்சி மாறிவிட்டார்.

"நாயகம் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ரகசியம் ரகசியம்தான். ஏட்டைச் சபைக்குக் கொண்டுவரட்டும். மறைக்க வேண்டிய இடத்தில் மட்டும் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசிவிடட்டும். மிச்சத்தை எல்லோரும் பார்க்கலாம். கரியை வேறு யார் கையிலும் கொடுக்க வேண்டாம். ரகசியமாயிற்றே, அவரே பூசட்டும்."

சபையிலிருந்த எழுத்தர்கள் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் இருமல் வந்தது. ராசா மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, அப்படியே ஆகட்டும் என்று தலையாட்டினார். வெள்ளச்சிக்குத்தான் வயிறு எரிந்தது. இவரை நல்லவர் என்று நம்பினோமே என்று புலம்பிக்கொண்டே போனாள்.

மழவராயருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக் கதவைத் தாழிட்டார். எழுத்தரைக்கூட வாசலுக்கு வெளியே நிற்க வைத்தார். காத்தான் சொன்ன நாட்களை விரல்விட்டு எண்ணி, அந்த நாட்களுக்குரிய மூன்று ஓலைகளை எழுத்துக் கூட்டித் தேடியெடுத்தார். நாயகம் என்று வரும் வரியிலெல்லாம் அப்பு அப்பென்று அப்பினார்.

வெள்ளிக்கிழமை ஏடு சபைக்கு வந்தது. உலகாண்டி அந்த மூன்று ஓலைகளையும் கையில் வாங்கினார்.

"அடடா, கரி ஒட்டுகிறதே. மகாராசா கையில் பட்டால் என்ன ஆகும்?" என்று சொல்லித் தன் துண்டால் பதமாகத் துடைத்தார்.

ஓலையில் எழுதத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. எழுத்தாணியால் கீறிய எழுத்து வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கரியைப் பூசித் துடைத்தால் கீறலுக்குள் கரி தங்கி, எழுத்து பளிச்சென்று நிற்கும். துறை ஏட்டை யாரும் படிக்கப்போவதில்லையே என்று எழுத்தர் அதுவரை கரி பூசாமலே வைத்திருந்தார். அந்தக் குறையை நாயகம் தன் கையாலேயே தீர்த்துவிட்டார். மற்ற வரிகளெல்லாம் மங்கிக் கிடக்க, மறைத்த வரிகள் மட்டும் கன்னங்கரேலென்று எழுந்து நின்றன. ராசா உரக்கப் படித்தார்.

"ஐந்தாம் ஓடத்தில் ஓட்டை என்று காத்தான் சொன்னான். அடைக்க வேண்டாம், உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக வழி வேண்டுமே என்று நாயகம் சொன்னார்."

இரண்டாவது ஓலை: "ஓட்டை பெரிதாகிவிட்டது என்று காத்தான் சொன்னான். பயணிகள் பார்க்காதபடி பாய் விரிக்க நாயகம் உத்தரவிட்டார்."

மூன்றாவது: "சந்தை நாள். ஓடத்தை எடுக்க மாட்டேன் என்றான் காத்தான். எடுக்காவிட்டால் சிறை என்றார் நாயகம். எடுத்தான்."

சபை கொல்லென்று சிரித்தது. மழவராயர் கரி படிந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அன்று மத்தியானமே காத்தான் வெளியே வந்தான். வெள்ளச்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

ராசா உலகாண்டியிடம் என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார். துறை ஏட்டை ஆற்றங்கரை மண்டபத்தில் எல்லோரும் படிக்கும்படி வைக்க வேண்டும் என்றார் அவர்.

"முந்நூறு ஓலை இருக்கிறதே. அத்தனையையும் யார் படிப்பார்கள்? அதோடு மச்சினரைப் பதவியிலிருந்து இறக்கவும் வேண்டும்."

"ஐயோ, இறக்கிவிடாதீர்கள் மகாராசா. முந்நூறில் முக்கியமானது எது என்று அவருக்குத்தான் தெரியும். கரிச்சட்டியை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அவர் பூசட்டும், நாங்கள் துடைத்துப் படித்துக்கொள்கிறோம்."