வலை நனையாமல் பிடித்த மடவை

முன்னொரு காலத்தில், அதாவது மீன்கள் மனிதரை இன்னும் கொஞ்சம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு கடற்கரை நாட்டை நாக்குக்கு அடிமையான அரசர் ஒருவர் ஆண்டுவந்தார். போர் என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்பார். மீன் என்றால் இப்போதே வேண்டும் என்பார்.

ஒரு கார்த்திகை மாதத்தில் அவருக்கு ஓர் ஆசை பிறந்தது. கரையோரத்தில் கிடைக்கும் மீன்களில் எது எந்த மாதத்தில் ருசி என்று கேட்டறிந்து, அதனதன் பருவத்தில் உண்ண வேண்டும். மீனவர் குப்பத்துத் தலைவன் சடையனை அழைத்துவரச் செய்தார்.

"தையில நெத்திலிங்க மகாராசா. பங்குனியில கிழங்கான், வாயில வச்சா கரையும். ஆடியில குழம்புக்குக் காரப்பொடி மீனு. ஐப்பசியில கொடுவா" என்று விரல் மடக்கிச் சொன்னான் சடையன்.

"இந்தக் கார்த்திகையில்?"

"சினை மடவைங்க. அதுக்கு மேல ஒரு மீனும் இல்ல. மழைத்தண்ணி சேந்து கழிமுகத்து மணல்மேடு உடையுறப்போ, வயிறு நெறைய முட்டையோட கடலுக்குப் போகும். இன்னிக்குக் காலையிலதான் உடைஞ்சுது."

"அப்படியானால் நாளை மதியம் அதுதான்."

சடையன் கைகூப்பினான். "மூணு நாள் பொறுக்கணும் மகாராசா. முகம் தொறந்த மூணு நாளும் எங்க சனம் வலைய நனைக்காது. முன்ன போறது முட்டை விடப் போகட்டும், பின்ன வர்றது நமக்குன்னு பாட்டன் பூட்டன் வச்ச கட்டு. அத மீறினா வர்ற வருசம் எங்க வயித்துக்கு இல்ல."

அரசர் முகம் சுருங்கியது. தளவாய் செங்கோடன் இதற்காகவே காத்திருந்தவன்போல எழுந்தான். அரசவையில் தன்னைவிட அரசருக்கு நெருக்கமாக இருந்த விகடக்காரன் தாந்தோணியைக் கண்டால் அவனுக்கு ஆகாது.

"அரசே, ஒரு மீனுக்காகத் தாங்கள் காத்திருப்பதா? தம் புத்திக்கு எட்டாதது எதுவும் இல்லை என்று தாந்தோணியார் நித்தமும் சொல்கிறாரே. மீனவர் கட்டும் மீறாமல், தங்கள் இலையிலும் மடவை விழும்படி செய்யட்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

மூன்று நாள் பசியோடு இருந்தால் ருசி கூடும் என்று ஏதாவது சொல்லி, அரசரைச் சிரிக்கவைத்து, தாந்தோணி தப்பியிருக்கலாம். அந்த வாய்க்கு அது பெரிய காரியமே இல்லை. ஆனால் செங்கோடன் முகத்தில் கரி பூச வேண்டும் என்ற ஆசை அவன் கண்ணை மறைத்தது.

இருபது ஆட்களோடு கழிமுகத்துக்குப் போனான். ஓடும் நீருக்குப் பக்கத்திலேயே பெரிய குழி ஒன்று வெட்டி, வாய்க்கால் கிழித்து இணைத்தான். தண்ணீர் குழிக்குள் திரும்பியது. தண்ணீரை நம்பி மீனும் திரும்பியது. வாய்க்காலை மண் போட்டு அடைத்து, குடங்களால் நீரை இறைத்துவிட்டு, மடவைகளைக் கையாலேயே அள்ளிக் கூடையில் போட்டார்கள்.

மறுநாள் அவையில் தாந்தோணி கேட்டான்: "சடையா, வலை நனைந்ததா?"

"நனையலிங்க" என்றான் சடையன். வயிறு புடைத்துக் கிடந்த மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அரசர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தாந்தோணிக்குப் போட்டார். செங்கோடன் முகத்தில் ஈயாடவில்லை. கதை இங்கே முடிந்திருந்தால் சொல்கிற எனக்கும் நிம்மதி.

தோற்ற செங்கோடன் சும்மா இருக்கவில்லை. தாந்தோணியின் யோசனையையே எடுத்துக்கொண்டு, அடுத்த கார்த்திகையில் அரண்மனைக்கென்று ஒன்பது குழிகள் வெட்டினான். குப்பத்தார் முறையிட வந்தபோது, "வலை நனைந்ததா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினான். அதற்கடுத்த ஆண்டும் அதே கதைதான்.

நான்காம் கார்த்திகையில் மணல்மேடு உடைந்தது. வெள்ளம் வெறும் வெள்ளமாகப் போயிற்று. மூன்று நாள் பொறுத்து வலை வீசிய குப்பத்துக்குப் பாசியும் சருகும்தான் கிடைத்தன. தோணி இறக்க முடியாத புயல் நாட்களுக்கு அவர்கள் உப்பிட்டு வைத்துக்கொள்வது அந்த மீனைத்தான். அந்த ஆண்டு குப்பத்தில் பாதி அடுப்பு எரியவில்லை. தாந்தோணி ஒருநாள் அங்கே போய்வந்தான். அதன்பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"மடவை எங்கே?" என்று அரசர் கேட்ட அன்று, தாந்தோணி மூடிய தட்டு ஒன்றைக் கொண்டுவந்து அவர்முன் வைத்துத் திறந்தான்.

"வெறும் தட்டல்லவா இது!"

"இந்த ஆண்டு மீனைத் தாங்கள் முன்பே சாப்பிட்டுவிட்டீர்கள் அரசே, முட்டையாக இருந்தபோதே. முதலில் பரிமாறியவன் நான். இது விகடமில்லை. குப்பம் பட்டினி கிடக்கிறது. குற்றம் என்னுடையது, தண்டியுங்கள்."

அரசர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "முட்டையிலேயே சாப்பிட்டுவிட்டேனாம்! கேட்டீரா தளவாய்?" செங்கோடனும் சிரித்தான். அவை முழுவதும் சிரித்தது. தாந்தோணி வாழ்நாளில் ஒரே ஒருமுறை விளையாட்டில்லாமல் பேசினான்; அன்றுதான் அவர்கள் அதிகம் சிரித்தார்கள்.

"என்ன பரிசு வேண்டும், கேள்!"

"குப்பத்துக்கு அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து நெல். அந்தக் குழிகளை மூட உத்தரவு."

"இவ்வளவுதானா? தந்தேன், போ" என்றார் அரசர், கண்ணீரைத் துடைத்தபடி. அது சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்.

தாந்தோணி மண்வெட்டியோடு தானே போய் மூட ஆரம்பித்தான். உள்ளங்கை கொப்பளித்தது. சடையன் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, தானும் ஒரு மண்வெட்டி எடுத்து வந்தான். இருவரும் சேர்ந்து மண் தள்ளினார்கள். கடைசிக் குழியும் மூடியபிறகு தாந்தோணி கேட்டான்: "மீன் திரும்பி வருமா சடையா?"

"தெரியலிங்க. வந்தாலும் மெல்லத்தான் வரும்."

"சீக்கிரம் வரவழைக்க ஏதாவது வழி இருக்கும். நான் யோசித்துச் சொல்கிறேன்."

சடையன் பதறிப்போய் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான்.

"வேணாம் சாமி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எங்க மீன் விசயத்துல மட்டும் இனிமே யோசிக்காதீங்க."