மத்தியானத்தில் பூட்டிய கதவு

கேட்டுவிட்டு உச்சுக்கொட்டிப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது. பதில் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில். முதலாளி துரைவேலு. அவருடைய இயக்குநர் குழுவில் வெளியாட்கள் மூன்று பேர்: வேறொரு மில்லை நடத்தி ஓய்வு பெற்ற என்ஜினியர் கபூர், டாக்டர் எஸ்தர், வக்கீல் நமச்சிவாயம். இவர்களுக்கு அன்றாட வேலை எதுவும் கிடையாது. கூட்டத்துக்கு வந்து, நடப்பதைக் கேட்டு, தப்பு இருந்தால் முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். கேட்க லேசாக இருக்கிறது, இல்லையா?

அதற்கும் பயிற்சி உண்டு. கோயம்புத்தூரில் ஒரு ஓட்டலில் மூவரும் வகுப்புக்குப் போய் வந்தார்கள். கேள்வி கேளுங்கள், நேரில் போய்ப் பாருங்கள், நிர்வாகத்தின் வேலையை நீங்களே இழுத்துப்போட்டுச் செய்யாதீர்கள், சரியென்று படாததைக் கூட்டத்தில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். மதியச் சாப்பாடும் நன்றாக இருந்ததாம்.

மில்லுக்குப் பின்னால் பெண்கள் விடுதி. ராத்திரி ஷிப்டு பார்த்தவர்கள் பகலில் தூங்குவார்கள். முன்வாசலில் வாட்ச்மேன் உண்டு; தூங்காமல் பின்பக்கமாகக் கடைத்தெருவுக்குப் போய்விடுகிறார்கள் என்று வார்டனம்மா பகலில் மட்டும் பின்கதவைப் பூட்டிவைப்பார்.

ஒரு மத்தியானம் கபூர் அங்கே போனார். பூட்டைப் பார்த்ததும் ரத்தம் கொதித்தது. வார்டனம்மாவைத் திட்டி, சாவியை வாங்கி, தன் கையாலேயே கதவைத் திறந்துவிட்டு வந்தார். காரியம் முடிந்ததென்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. வார்டனம்மாவுக்குச் சம்பளம் கொடுப்பவர் கபூர் இல்லையே. மறுநாளே பூட்டு ஏறிவிட்டது.

எஸ்தருக்கு வேறு வழியாகச் சேதி வந்தது. காய்ச்சலென்று வந்த ஒரு பெண், "நாங்க தூங்கறப்ப கதவப் பூட்டிடறாங்க" என்றாள். தூங்குவதென்றால் ராத்திரி என்றுதான் டாக்டர் எடுத்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் கேட்டார்: "ராத்திரில விடுதிப் பின்கதவு திறந்திருக்கா?"

"திறந்துதான் மேடம் இருக்கு. எப்ப வேணாலும் வந்து பாருங்க," என்றார் துரைவேலு.

கபூர் பக்கத்தில்தான் இருந்தார். பகல் பூட்டைத்தான் திறந்துவிட்டோமே என்று பேசாமல் இருந்துவிட்டார். எஸ்தர் ஒரு ராத்திரி போயும் பார்த்தார். கதவு திறந்துதான் இருந்தது.

நமச்சிவாயம் கதை வேறு. அதே கூட்டத்துக்கு வரும் வழியில் விடுதியைச் சுற்றி நடந்து வந்தவர் அவர். பட்டப்பகலில் பூட்டு தொங்கியதைப் பார்த்தார். உள்ளே பெண்கள் தூங்குவதை வாட்ச்மேனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அது சட்டப்படி குற்றம் என்பதும் தெரியும். துரைவேலு பாதியை மறைத்துப் பதில் சொன்னதும் புரிந்தது. வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய், சொந்தக் காரணம் என்று எழுதி ராஜினாமா செய்தார். "நம்ம பேரு கெட்டுறக் கூடாது," என்று மனைவியிடம் சொன்னார்.

ஒரு மத்தியானம் விடுதியின் முன்பக்கம் ஒயர் தீப்பிடித்தது. அந்தப் பக்கத்து அறைகளில் இருந்தவர்கள் வாசல் வழியாகத் தப்பித்தார்கள். பின்பக்க அறையிலிருந்து பூட்டிய பின்கதவுக்கு ஓடிய காளீஸ்வரி என்ற பெண் அங்கேயே புகையில் மூச்சடைத்துச் செத்தாள். பத்தொன்பது வயசு.

நமச்சிவாயம் கபூருக்கு போன் போட்டார். "நான் அன்னைக்கே பூட்டப் பாத்துட்டுத்தான் சார் விலகினேன்," என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கபூரும் எஸ்தரும் காளீஸ்வரியின் அம்மா சோலையம்மாளிடம் போய், ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்கள். அவர் அழவில்லை.

"மொதலாளிக்கு மண்ண வாரித் தூத்தியாச்சு. நீங்க மூணு பேரும் படிச்சவுக. உங்கள்ல யாருக்குத் தூத்தணும், அதச் சொல்லிட்டுப் போங்க."

நீங்கள் சொல்லுங்கள்: அந்தத் தாய் மூவரில் யார் மேல் மண்ணை வாரித் தூற்ற வேண்டும்?

விடை: நமச்சிவாயம் மேல். கபூர் செய்ததும் தப்புதான். வார்டனம்மாவின் வேலையைத் தான் செய்துவிட்டு, அது நிலைத்ததா என்று திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மில் எப்போது தூங்குகிறது என்றே தெரியாமல் எஸ்தர் கேள்வி கேட்டார். இருவரும் ஏமாந்தார்கள். நமச்சிவாயம் எதிலும் ஏமாறவில்லை. "பகல்ல?" என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மற்ற இருவரும் விழித்துக்கொண்டிருப்பார்கள், பிள்ளை உயிரோடு இருந்திருப்பாள். விபத்தன்று பதவியில் இருந்தவர்கள் என்று கபூர் மேலும் எஸ்தர் மேலும் வழக்கு நடக்கிறது. நமச்சிவாயத்தின் பெயர் அதில் இல்லை. நல்ல பெயருள்ள மனிதர் என்று அவரை இப்போது வேறொரு மில்லில் இயக்குநராகப் போட்டிருக்கிறார்கள். அங்கேயும் ஒரு விடுதி இருக்கிறது.