மின்மினிக்குப் போட்ட படுக்கை

அந்தக் காலத்தில், பறவைகளும் பூச்சிகளும் ஒரே மொழி பேசிவந்தபோது, ‘தங்கல்’ என்ற சொல்லுக்குக் கனம் அதிகம். பகலில் வருபவரை ‘வாருங்கள்’ என்பார்கள். ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தால் போதும். பொழுது சாய்ந்தபின் வருபவரிடம் ‘தங்குங்கள்’ என்று சொல்லிவிட்டால் அது தங்கல். விடியும்வரை அந்த உயிருக்கு வீட்டார்தான் பொறுப்பு.

ஏரிக்கரைப் பனையில் ஒரு தூக்கணாங்குருவிக் கூடு தொங்கியது. விடாத மழையில் இரை கிடைக்காமல் குஞ்சுகள் பசியால் கத்திக்கொண்டிருந்தன. இருட்டும் நேரத்தில் கூட்டின் வாயிலில் நடுங்கும் குரல் ஒன்று கேட்டது.

“சிறகு நனைந்துவிட்டது, அம்மா. இன்றிரவு மட்டும் இடம் கிடைக்குமா?”

யாரென்று பார்க்கத் தோன்றாமல், “தங்குங்கள்” என்றது தாய்க்குருவி. உள்ளே வந்தபின்தான் மின்மினி மெல்ல ஒளிர்ந்தது. குஞ்சுகள் அத்தனையும் அலகைத் திறந்தன.

ஆண்குருவிக்குச் சிரிப்பு வந்தது. சாப்பாடே வீடு தேடி வந்திருக்கும்போது இன்னும் என்ன யோசனை என்று கேட்டது. தங்கல் கொடுத்தாகிவிட்டது என்றது தாய்க்குருவி. ஆளைப் பார்க்காமல் கொடுத்தது எப்படிச் செல்லும் என்று ஆண்குருவி வாதாடியது.

தாய்க்குருவி குஞ்சுகளைப் பார்த்தது. மூலையில் ஒடுங்கிய மின்மினியைப் பார்த்தது. பிறகு மழையில் பறந்துபோய் வரப்பிலிருந்து ஈரமண்ணை அலகில் அள்ளிவந்து, குஞ்சுகளுக்கு எட்டாத உயரத்தில் உள்சுவரில் அப்பியது. மின்மினியை அதன்மேல் உட்காரச் சொன்னது.

“சாப்பாட்டுக்குப் படுக்கை வேறு போடுகிறாயாக்கும்?”

“நீங்கள் ஒருநாள் இப்படி நனைந்துபோய் யார் வீட்டு வாசலிலாவது நின்று, அவர்கள் உங்களைத் தின்றுவிட்டால், நான் யாரோடு குடும்பம் நடத்துவது? பேசாமல் படுங்கள்.”

மின்மினிக்கு உறக்கம் வரவில்லை. கொடுப்பதற்குத் தன்னிடம் வேறொன்றும் இல்லாததால், அணைவதும் ஒளிர்வதுமாக இருந்தது. அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்த குஞ்சுகள், ஒவ்வொன்றாக அழுகையை மறந்து கண்ணயர்ந்தன.

விடியலில் மழை விட்டது. ஆண்குருவி இரை தேடக் கிளம்பியபோது, மழை வந்தால் மறுபடியும் வரலாமா என்று மின்மினி தயங்கித் தயங்கிக் கேட்டது.

ஆண்குருவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “அந்த மண் காய்ந்துபோகும். நான் வேறு கொண்டுவந்து வைக்கிறேன்” என்றது.

அன்று முதல்தான் ஆண் தூக்கணாங்குருவி, கூடு முடைந்து முடிக்கும் முன்பே ஈரமண் உருண்டையை உள்சுவரில் அப்பிவிடுகிறது, தங்க யாரும் வராத இரவுகளுக்கும் சேர்த்து.