பாட்டு வகுப்பை விட்ட அணில்

அல்லிக்குளத்துக் கரையில் தவளை வாத்தியார் பாட்டு வகுப்பு நடத்திய நாட்களை வரியன் இன்றைக்கும் நினைத்துக்கொள்வான். வரியன் ஓர் அணில். அப்போது காட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான்.

மேகம் கறுத்தால் போதும். முயலும் மைனாவும் ஆமையும் அவனும் ஈரப்புல்லில் நெருக்கியடித்து உட்கார்ந்து மழைப்பாட்டுப் பாடுவார்கள். ஆமைக்குச் சுருதியே சேராது. அதற்காக யாரும் ஆமையை எழுப்பி அனுப்பியதில்லை. வாயைத் திறந்து மனசாரப் பாடினால் வாத்தியார் நூற்றுக்கு நூறு போட்டுவிடுவார். ஆகா, என்ன சுகமான காலம் அது!

உச்சிக்கிளை தாவல் என்று இன்னொரு வகுப்பும் இருந்தது. விழுந்தால் இடுப்பு ஒடியும். மதிப்பெண்ணும் குறையும். அந்தப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கவில்லை. தலைமையாசிரியர் யானை யோசித்து ஒரு சட்டம் போட்டார்.

"தாவலில் வாங்கும் மதிப்பெண் இனி ஒன்றேகால் மடங்காகக் கணக்கில் வரும்."

நல்ல எண்ணத்தில் போட்டதுதான். அவரைக் குறை சொல்ல முடியாது.

வருஷக் கடைசியில், எடுத்த வகுப்புகளின் சராசரியில் முதலாவதாக வருபவருக்கு இலுப்பை மரத்துப் பொந்து பரிசு. சொட்டுத் தண்ணீர் உள்ளே வராத பொந்து. வரியனின் அம்மாவோ ஒழுகுகிற கூட்டில் கைக்குழந்தைகளோடு நடுங்கிக் கிடந்தாள். பாவம், அவளுக்காகவே வரியன் தாவல் வகுப்பிலும் சேர்ந்தான். உயிரைக் கொடுத்துப் படித்தான்.

பரீட்சை முடிய இருந்த சமயத்தில், கணக்கில் புலியான காக்கை அக்கா அவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, உனக்குப் பொந்து கிடைக்காது."

"ஏன் அக்கா? தாவலில் தொண்ணூற்றாறு வாங்கியிருக்கிறேனே."

"ஒன்றேகால் மடங்கில் அது நூற்றிருபது. பாட்டில் உனக்கு வெறும் நூறு. சராசரி நூற்றுப்பத்து. கீரிப்பயல் மூக்கன் தாவல் மட்டும்தான் எடுத்தான். அவனுக்கு நூற்றுப்பதினைந்து."

"நூற்றுக்கு நூறு வாங்கியும் நான் கீழேயா?"

"அந்த நூறுதான் உன்னைக் கீழே இழுக்கிறது. பாட்டை விட்டுத் தொலை. தாவல் மட்டும் கணக்கில் வந்தால் நூற்றிருபது, மூக்கனை முந்திவிடுவாய்."

வரியன் குளத்தங்கரைக்குப் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "வாத்தியாரே, இந்த வருஷம் மட்டும் விட்டுவிடுகிறேன். அம்மா நனைகிறாள்."

"போய்ட்டு வா ராசா" என்றார் தவளை வாத்தியார். கோபம் துளியும் இல்லை. கோபித்திருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது வரியனுக்கு.

வரியன் முதலாவதாக வந்தான். யானை அவனைத் தும்பிக்கையில் தூக்கிக் காடு முழுக்கக் காட்டினார். அம்மாவும் குட்டிகளும் பொந்துக்குக் குடிவந்தார்கள்.

அடுத்த வருஷத்து முதல் மேகம் கறுத்தது. வரியனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பொந்துதான் கிடைத்துவிட்டதே, இனி மதிப்பெண்ணுக்கு ஏன் பயப்பட வேண்டும்? ஒரே ஓட்டமாகக் குளத்துக்கு ஓடினான். புல்வெளியில் ஈ காக்கை இல்லை. தவளை வாத்தியார் மட்டும் அடுத்த குளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, மற்றவர்கள் எங்கே?"

"எல்லாரும் உச்சிக்கிளை தாவல் வகுப்பில் இருக்கிறார்கள்."

"ஆமையுமா?"

"ஆமையும்தான். நேற்று விழுந்து ஓட்டில் கீறல். முதலாவது வந்தவனே பாட்டை விட்டான், நமக்கு மட்டும் எதற்கென்று கேட்டார்கள். ஆளில்லாத வகுப்பு என்று தலைமையாசிரியரும் மூடிவிட்டார்."

"நான் வந்துவிட்டேனே வாத்தியாரே. நாம் இரண்டு பேரும் பாடலாமே."

"ஒற்றைக் குரலுக்கு மழைப்பாட்டு ஏறாதப்பா" என்று அவன் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். மழை கொட்டியது. வரியன் பொந்துக்குத் திரும்பாமல் அந்தப் புல்லிலேயே நனைந்துகொண்டு நின்று அழுதான்.

மதிப்பெண்ணைக் கூட்டுவதற்காக மனசுக்குப் பிடித்த படிப்பை விட்டால், மதிப்பெண் வந்து சேரும், அந்தப் படிப்பு திரும்பி வராது.